பாட்டு அவருடையது, பணம் யாருடையது?

நினா சிமோனின் குரலைப் புகழ்கிறோம். அவர் போட்ட கையெழுத்தைப் பற்றிப் பேசுவதில்லை. இந்த அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் பியானோ வாசித்துப் பாடிய முதல் ஆல்பம் 1959இல் வந்தது. அதன் உரிமையை 3,000 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். பல்லாண்டுகள் விற்ற இசைத்தட்டின் லாபம் நிறுவனத்துக்கே போனது. ஒலிப்பதிவுக்குக் கிளம்பும் நம் பிள்ளைகள் மெட்டுக்கு முன்பே ஒப்பந்தத்தைப் படிக்கட்டும் என்போம்.

1951இல் அவரைச் சேர்க்க மறுத்த கர்ட்டிஸ் இசைக் கல்லூரி, 2003இல் கௌரவப் பட்டம் தந்தது. அவர் இறப்பதற்கு இரண்டே நாள் முன்பு!

1963இல் பர்மிங்காம் தேவாலயக் குண்டுவெடிப்பில் நான்கு கறுப்பினச் சிறுமிகள் கொல்லப்பட்டனர். அந்தச் சினத்தில் அவர் எழுதிய ‘மிசிசிப்பி காட்டேம்’ 1964 ஆல்பத்தில் இடம்பெற்றது. தென்மாநில வியாபாரி ஒருவர் பெட்டி நிறைய இசைத்தட்டுகளை உடைத்துத் திருப்பி அனுப்பினார்.