உழைப்பாளி மாவட்டம், சோம்பேறி மாவட்டம்னு எதுவும் கிடையாது தோழர்களே!



வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு ஃபார்வேர்டு சுத்தும். நீங்களும் பார்த்திருப்பீங்க. "கொங்குக்காரன் உழைப்பாளி, அதனால முன்னேறினான். டெல்டாக்காரன் திண்ணையில உட்கார்ந்து வெத்தலை போட்டே காலத்தை ஓட்டினான். ராமநாதபுரத்துக்காரன் சண்டைக்குத்தான் லாயக்கு." கடைசியில் ஒரு சாதிப் பெருமை வரி, நாலு ஃபயர் எமோஜி.

நம்ம தோழர்களில் சிலரும் சிரிச்சுக்கிட்டே இதை அனுப்புறாங்க. தயவுசெய்து அனுப்பாதீங்க. இது வெறும் கேலி இல்லை. ஒரு ஊர் ஏழையாக இருப்பதற்கு அந்த ஊர்க்காரன் குணம்தான் காரணம் என்று ஒத்துக்கிட்டா, அப்புறம் அரசாங்கத்துக்கு அங்கே என்ன வேலை? ரோடு எதுக்கு, பள்ளிக்கூடம் எதுக்கு, இடஒதுக்கீடு எதுக்கு? அந்த ஃபார்வேர்டு கடைசியில் கொண்டுபோய் நிறுத்துற இடம் அதுதான்.

சரி, உண்மையில் என்னதான் நடந்தது? மண்ணிலிருந்தே ஆரம்பிப்போம்.

▪️ மழை மறைவில் ஒரு மண்டலம்

தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, அந்தப் பக்கமே பெரும்பகுதியைக் கொட்டிவிட்டுத்தான் இந்தப் பக்கம் வருகிறது. வால்பாறை பக்கம் சின்னக்கல்லாறில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை. அதே மாவட்டத்தின் கோவை நகரத்தில் ஏறக்குறைய 600 முதல் 700 மில்லிமீட்டர்தான். ஆற்றுப்பாசனம் இருந்த பகுதிகளைத் தவிர்த்தால், கொங்கு விவசாயிக்குக் கிணறுதான் கதி. பாறையை உடைத்து வெட்டணும். மாடு பூட்டிக் கவலை இறைக்கணும். நெல்லுக்குத் தண்ணீர் பத்தாது. கரிசல் மண்ணுக்குப் பருத்தி ஒத்துவந்தது.

பருத்தி என்பது வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிற பொருள் இல்லை. விற்றே ஆகணும். அதனால் இந்தப் பகுதி விவசாயி சந்தையோடும், விலையோடும், கடனோடும் ஆரம்பத்திலேயே பழகினார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று நூல் அறுந்துபோகாமல் நூற்பதற்கு உதவியது. 1888-லேயே கோவையில் ஸ்டேன்ஸ் மில் வந்துவிட்டது.

ஆனால் அந்த ஒரு மில்லோடு நின்றுபோகாமல் ஊரே ஆலை நகரமாக மாறியது எப்போது? 1930-களில். நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டத்திலிருந்து கரண்ட் வந்த பிறகு! மில்கள் வரிசையாக எழுந்தன. கிணற்றுக்கு மோட்டார் வேணும், மில்லுக்கு உதிரிபாகம் வேணும். அதைச் செய்ய லேத் பட்டறைகள் வந்தன, வார்ப்படச் சாலைகள் வந்தன. 1937-ல் ஜி.டி.நாயுடு மின்மோட்டார் செய்த ஊர் இது.

இங்கே ஒண்ணைக் கவனிங்க. பைக்காராவைக் கட்டியது எந்தத் தனிமனித உழைப்பும் இல்லை. அன்றைய சென்னை மாகாண அரசு பொதுப்பணத்தில் கட்டியது. "நாங்களா முன்னேறினோம்" என்று சொல்லும் ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு அரசுக் கரண்ட் கம்பி இருக்கு.

▪️ தண்ணீர் இருந்தது, நிலம் யாரிடம் இருந்தது?

டெல்டாவுக்கு வருவோம். காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல். கல்லணை காலத்திலிருந்து வாய்க்கால் பாசனம். 1934-லிருந்து மேட்டூர் அணை. குறுவை, சம்பா, தாளடி என்று நெல்லுக்கென்றே அமைந்த பூமி. அப்படின்னா தமிழ்நாட்டிலேயே பணக்காரக் கிராமங்கள் இங்கேதானே இருக்கணும்?

விளைச்சல் இருந்தது. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் மிராசுதார் களஞ்சியம். சேற்றில் குனிந்து நடவு நட்ட பெண்ணுக்கும், விடியுமுன்னே ஏர் பூட்டிய பண்ணையாளுக்கும் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. குடிசை போட்ட இடம்கூடப் பண்ணையாருடையது. கூலி கேட்டால் சவுக்கடி, சாணிப்பால். வாய்க்கால் தண்ணீர் தானாக வரும், வேலைக்கு ஆள் கையைக் கட்டிக்கிட்டு வரும் என்கிறபோது, மிராசுதார் எதற்காகப் புதிய தொழிலில் பணத்தைப் போட்டு ரிஸ்க் எடுக்கணும்? நிலத்தில் வந்த பணத்தில் ஒரு பகுதி பிள்ளைகளின் படிப்பாகவும், பட்டணத்து உத்தியோகமாகவும் ஊரை விட்டே போனது. உழைத்தவன் கையில் முதலும் இல்லை, படிப்பும் இல்லை.

1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1955-ல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1961-ல் நில உச்சவரம்பு, 1970-ல் அந்த வரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைப்பு. இவை சும்மா வரவில்லை. செங்கொடி பிடித்துக் கூலிக்காரர்கள் நடத்திய போராட்டங்களின் வெப்பம் அவற்றின் பின்னால் இருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதில் அதிகம். அவர்கள் கேட்டது கூடுதல் கூலி.

அந்த மக்களைப் பார்த்து "சோம்பேறி" என்று எழுத எப்படிய்யா கை வருது?

▪️ ஒரே வறட்சி, ரெண்டு கதை

"அப்போ வறண்ட பூமியாக இருந்தால் தொழில் தானாக வந்துவிடுமா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நல்ல கேள்வி. வராது. ராமநாதபுரத்தைப் பாருங்க.

அங்கே வாழ்க்கையே கண்மாயை நம்பித்தான். ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். வைகையின் கடைக்கோடி வேறு. ஜமீன் காலத்தில் வரி வாங்கிய அளவுக்குக் கண்மாய் தூர்வாரப்படவில்லை. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் பல கண்மாய்கள் மேடு தட்டியே கிடந்தன. சீமைக்கருவேலம் மண்டியது. விவசாயி அந்த மரத்தையே வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தார். பிள்ளைகள் ஒரு காலத்தில் பர்மாவுக்கும் இலங்கைக்கும், பிறகு வளைகுடாவுக்கும் போனார்கள்.

அங்கிருந்து ரொம்ப தூரம் இல்லை சிவகாசி. அதுவும் வானம் பார்த்த பூமிதான். ஆனால் 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். வறண்ட காற்று மருந்து காயத் தோதானது. கோயிலுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்ட சமூகம் அது. கடைக்கும் மூட்டைக்கும் இவ்வளவு என்று மகமை பிரித்து, அந்தப் பொதுப்பணத்தில் பள்ளிக்கூடம் கட்டியது. அந்தக் கூட்டுப் பணமும் படிப்பும் இருந்ததால்தான் வறட்சியை ஒரு வாய்ப்பாக மாற்ற முடிந்தது.

அந்த வெற்றிக்கும் ஒரு விலை இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. தீப்பெட்டி ஒட்டியதில் ஆயிரக்கணக்கான பிஞ்சு விரல்கள் உண்டு. 1996-ல் உச்ச நீதிமன்றம் சிவகாசி குழந்தைத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பு சொல்லும் அளவுக்கு நிலைமை இருந்தது. சட்டமும், பள்ளிக்கூடமும், மதிய உணவும் சேர்ந்துதான் அந்தக் குழந்தைகளை வெளியே கொண்டுவந்தன.

▪️ ஒரே கிணறு, ரெண்டு குடும்பம்

இப்போது மறுபடியும் கொங்குக்கு வாங்க. முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கு.

கவலை இறைக்கத் தோலில் பெரிய பறி வேணும். அந்தப் பறியைத் தைத்தது யார்? அருந்ததியர். கிணற்றடியில் மாடு ஓட்டியதும் பல இடங்களில் அவர்களே. மோட்டார் வந்தது. கிணற்றுக்காரருக்குத் தண்ணீர் கூடியது, வெள்ளாமை கூடியது. நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்க முடிந்தது. அடுத்த தலைமுறை லேத் போட்டது, தறி போட்டது, பனியன் கம்பெனி போட்டது. பறி தைத்தவருக்கு என்ன ஆச்சு? வேலை போச்சு. அடமானம் வைக்க நிலம் இல்லை. பட்டறையில் தொழில் கற்றுக்கொடுக்க மாமன், மச்சான் இல்லை.

ஒரே மண், ஒரே மழை, ஒரே கரண்ட் கம்பி. உழைப்பும் ரெண்டு பேருடையதும்தான். பிறகு ஏன் ஒருத்தர் முதலாளி ஆனார், இன்னொருத்தர் துப்புரவுப் பணிக்கும் கூலிக்கும் போனார்? மழை அளவை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. உழைப்பை வைத்தும் முடியாது. சாதி என்ற ஒண்ணைச் சேர்த்தால்தான் கணக்கு சரியா வரும்.

அருந்ததியர் உள்ஒதுக்கீடு 3 சதவீதம் 2009-ல் சட்டமானது. பட்டியல் சாதிகளுக்குள் இப்படி உள்ஒதுக்கீடு தருவது செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. "இன்னும் எத்தனை நாளைக்கு ஒதுக்கீடு?" என்று யாராவது கேட்டால், இந்தத் தோல் பறிக் கதையைச் சொல்லுங்க தோழர்களே.

▪️ பணமும் மண்ணை மாற்றும்

நிலம் மனிதனை மாற்றுவது போலவே மனிதனும் நிலத்தை மாற்றுகிறான். திருப்பூர் ஏற்றுமதி வளர்ந்தபோது சாயக்கழிவு நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்க் குட்டையானது. "எங்களுக்குத் தண்ணீர் திறந்து விடாதீங்க" என்று கீழ்ப்பகுதி விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அணையைத் திறக்காதே என்று விவசாயி கேட்ட கொடுமையை வேறெங்கே பார்ப்போம்? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. முதலாளியும் பாதிக்கப்பட்டார், தொழிலாளி அதைவிடப் பாதிக்கப்பட்டார், விவசாயியின் மண் இன்னும் முழுசாகத் தேறவில்லை.

இந்த மூன்று நிலங்களும் இன்று தனித்தனியாகவும் இல்லை. தென்மாவட்டங்களிலிருந்து வந்த ஏழைப் பெண் பிள்ளைகள் கல்யாணச் செலவுக்கென்று மூன்று வருடம் மேற்கு மாவட்ட மில் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்த கதை நமக்குத் தெரியும். டெல்டாப் பையன் திருப்பூர் பஸ் ஏறுகிறான். இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தம்பிகள் வருகிறார்கள். அவர்களும் ஏதோ ஒரு மழை பொய்த்த ஊரிலிருந்து, நிலமில்லாத வீட்டிலிருந்து வந்தவர்கள்தான். நம்ம தாத்தாக்கள் பர்மாவுக்குப் போன மாதிரி.

▪️ அப்போ என்ன கேட்கணும்?

ஊருக்கு ஊர் பிரச்சினை வேறு. எல்லா ஊருக்கும் ஒரே மருந்து கொடுத்தால் வேலைக்கு ஆகாது.

🔸 டெல்டாவுக்கு: 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. நல்லது. ஆனால் நிலத்தைக் காப்பாற்றினால் போதாது, அதில் வேலை செய்பவரையும் காப்பாற்றணும். கொள்முதல் நிலையத்தில் நெல் மழையில் நனைந்து, ஈரப்பதம் 17 சதவீதம் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பப்படும் கொடுமை நிற்கணும். கூரையுள்ள கிடங்கு, உலர்த்தும் இயந்திரம், நெல்லையும் தேங்காயையும் வைத்து உள்ளூரிலேயே தொழில்.

🔸 ராமநாதபுரம் பக்கம்: கண்மாய்ச் சங்கிலியை முழுசாகச் சீரமைக்கணும். ஒரு கண்மாயை மட்டும் தூர்வாரி போட்டோ எடுத்துப் போட்டால் தண்ணீர் வந்துடாது. வரத்துக்கால் ஆக்கிரமிப்பிலிருந்து ஆரம்பிக்கணும்.

🔸 மேற்குக்கு: தொழிலாளிக்குக் கௌரவமான தங்குமிடம், சட்டப்படி கூலி. நொய்யலுக்கு நிரந்தரக் கண்காணிப்பு.

🔸 நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு: அடமானம் கேட்காத தொழில் கடன். நிலப்பத்திரம் கொண்டு வா என்று சொல்லும் வரைக்கும், நிலம் வைத்திருந்த சாதிக்கே திரும்பத் திரும்பக் கடன் போகும்.

இதெல்லாம் முடியுமா? முடியும். அரசு கொண்டுவந்த கரண்ட், பஸ், பள்ளிக்கூடம், சத்துணவு, சிப்காட் என்று நாம் கண்ணால் பார்த்த உதாரணங்கள் இருக்கே. பெங்களூருக்குப் பக்கத்தில் கிடந்த ஓசூரில் 1970-களில் சிப்காட் போட்டதும் அந்த ஊரின் தலையெழுத்து மாறியது. ஓசூர் மண் மாறவில்லை, மழையும் மாறவில்லை. அரசு எடுத்த ஒரு முடிவுதான் புதுசு.

அடுத்த முறை அந்த ஃபார்வேர்டு உங்க குரூப்பில் வந்தால் சண்டை போடாதீங்க, பிளாக் பண்ணாதீங்க. மூன்றே கேள்வி கேளுங்க: தண்ணீர் எங்கிருந்து வந்தது? நிலம் யார் பேரில் இருந்தது? கரண்ட் கம்பி யார் காசில் இழுத்தது?

பதில் வரும்வரை காத்திருங்க. வரலைன்னா, இந்தப் பதிவை அனுப்பி வையுங்க.

#மண்ணும்_மக்களும்
#எல்லா_ஊருக்கும்_நியாயம்