தவறிய பாகத்தை மேசையில் வையுங்கள்

வேலைகளின் எதிர்காலம் குறித்து உலகப் பொருளாதார மன்றம் 2023-இல் வெளியிட்ட அறிக்கை, ஐந்தாண்டுகளுக்குள் தொழிலாளர்களின் அடிப்படைத் திறன்களில் 44 சதவீதம் மாறிவிடும் என்றது. 2025 அறிக்கையில் அந்த எண் 39 ஆனது. கெடு 2030-க்கு நகர்ந்தது. இரண்டுமே வேலை தருவோரிடம் கேட்டுத் தொகுத்த எதிர்பார்ப்புகள். யாரும் அளந்து பார்த்துச் சொன்னவை அல்ல. இரு அறிக்கைகளிலும் திறன் பட்டியலின் முதலிடம் பகுத்தாராயும் சிந்தனைக்குத்தான். இப்படிப் பட்டியல் வரும்போதெல்லாம் நம் தொழிற்பயிற்சித் துறை ஒரே காரியத்தைச் செய்கிறது: அதற்கு ஒரு பாடவேளை ஒதுக்குகிறது. ஐடிஐயின் ஓராண்டுப் பயிற்சி 1,200 மணி நேரம். அதில் 840 மணி தொழில் செய்முறை, 120 மணி வேலைவாய்ப்புத் திறன்கள். பேசுவது, குழுவாக இயங்குவது, சிக்கலைத் தீர்ப்பது எல்லாம் அந்த 120-க்குள் அடைக்கப்பட்டிருக்கின்றன. பட்டறையில் கை பழகும், வகுப்பறையில் மூளை பழகும் என்ற இந்தப் பிரிவினையே தவறு என்பது இவ்வுரையின் கட்சி. மாறும் உலகில் நம் மாணவர்களைக் காப்பாற்றும் திறன்கள் அந்த 840 மணிக்குள்தான் இருக்கின்றன. அவற்றை நாம் அங்கே தேடுவதில்லை.

சிஎன்சி லேத்தில் 25 மில்லிமீட்டர் தண்டு கடையும் வேலையை எடுத்துக்கொள்வோம். அனுமதி கூட்டியும் குறைத்தும் 20 மைக்ரான். வெட்டும் இன்சர்ட் தேயத் தேய விட்டம் மெல்ல ஏறும். தேய்மானத்தை ஈடுகட்டும் வேர் ஆஃப்செட்டில் அந்த அளவைக் கழித்தால் சரியாகிவிடும். இதை எல்லா மாணவர்களுக்கும் சொல்லித் தருகிறோம். ஒரு வாரத்தில் பழகியும் விடுகிறார்கள். ஆனால் அளவு ஏறுவதற்குத் தேய்மானம் ஒன்றுதானா காரணம்? காலையில் முதல் சில ஜாப்கள் ஓடும்போது ஸ்பிண்டில் சூடேறி அளவு நகரும். சற்று நேரத்தில் தானே நிலைத்துவிடும். டெயில்ஸ்டாக் கொடுக்காமல் நீளமான தண்டைக் கடைந்தால், நுனி வெட்டுக்கு வளைந்து கொடுத்து, சக் பக்கத்தைவிடத் தடிமனாக நிற்கும். இதை எந்த ஆஃப்செட்டாலும் திருத்த முடியாது. அளவு ஒழுங்கில்லாமல் மேலும் கீழும் குதித்தால், இன்சர்ட் உட்காரும் இடத்தில் துகள் சிக்கியிருக்கிறதா, சக் பிடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இத்தனையையும் தாண்டி இன்னொன்று: கடைந்த சூட்டிலேயே மைக்ரோமீட்டரை வைத்தால், 40 டிகிரி கூடுதல் வெப்பத்தில் அந்த எஃகுத் தண்டு சுமார் 11 மைக்ரான் பெரிதாகக் காட்டும். அதை நம்பி ஆஃப்செட்டைக் குறைத்தவரின் பாகங்கள் ஆறியபின் அளவு குறைந்து ரிஜெக்ட் ஆகும். காரணம் தெரியாதவர் ஒவ்வொரு பாகத்துக்கும் ஆஃப்செட்டைத் தட்டிக்கொண்டே இருப்பார். அப்படித் துரத்தித் துரத்தித் திருத்தினால் அளவின் சிதறல் கூடும் என்பது தரக்கட்டுப்பாடு படித்தவர்களுக்குப் பழைய செய்தி. பகுத்தாராயும் சிந்தனை என்று அறிக்கைகள் சொல்வது, நம் டிரேடில், இந்த நான்கைந்து காரணங்களையும் பிரித்தறிவதுதான். அதைத் தனியே, தண்டும் மைக்ரோமீட்டரும் இல்லாமல், புதிர்க் கணக்குகள் கொடுத்து வளர்த்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் போதாது.

ஆதாரம் எதிர்த்திசையில்தான் இருக்கிறது. வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-இல் வெளியிட்ட சதுரங்க ஆய்வு உளவியல் மாணவர் அனைவரும் அறிந்தது. உண்மையான ஆட்டத்தின் நடுக்கட்ட நிலையை ஐந்து விநாடி காட்டி மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கிவிடுகிறார்; புதியவர் நான்கைந்தோடு நின்றுவிடுகிறார். அதே காய்களை முறையின்றிக் கலைத்து வைத்துக் காட்டினால் இருவருக்குமான வேறுபாடு ஏறக்குறைய மறைந்துபோகிறது. வல்லுநரின் பலம் பொதுவான நினைவாற்றலில் இல்லை. அந்த ஆட்டத்தின் அமைப்புகள் ஆயிரக்கணக்கில் அவருள் படிந்திருப்பதில் இருக்கிறது. பழுது கண்டுபிடிக்கும் வயர்மேனும் இயந்திரத்தின் ஒலியிலேயே பேரிங் போய்விட்டதை உணரும் ஃபிட்டரும் இதே வகை. பொருளில்லாமல் சிந்தனைத் திறன் வளர்வதில்லை.

பேச்சுத் திறனுக்கும் இது பொருந்தும். பொருளியலாளர் டேவிட் டெமிங் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 1980-க்கும் 2012-க்கும் இடையே, மனிதரோடு அதிகம் பழக வேண்டிய வேலைகளின் பங்கு ஏறக்குறைய 12 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. சமூகத் திறனுக்குத் தனி வகுப்பு வேண்டும் என்போர் விரும்பி எடுத்தாளும் எண் இது. டெமிங் அதற்குச் சொல்லும் காரணத்தை மட்டும் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொருவரும் தனக்கு நன்றாக வரும் வேலையைச் செய்து, மற்றதை அடுத்தவரோடு மாற்றிக்கொள்கிறார்கள். அந்த மாற்றலின் செலவைச் சமூகத் திறன் குறைக்கிறது என்பது அவர் வாதம். அதாவது மாற்றிக்கொள்ள முதலில் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். பட்டறையில் இது ஷிஃப்ட் மாறும் அந்தச் சில நிமிடங்களில் நடக்கிறது. மூன்றாம் இன்சர்ட்டின் முனை எப்போது மாற்றப்பட்டது, கூலன்ட் அழுத்தம் குறைவாக இருக்கிறது, கடைசிப் பத்துப் பாகங்களில் அளவு எந்தப் பக்கம் ஏறுகிறது என்று அடுத்தவருக்கு நான்கு வரியில் எழுதி வைப்பவரே அங்கே தொடர்புத் திறன் உள்ளவர். ‘என்னைப் பற்றி’ என்று ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் மனப்பாடமாய் ஒப்பிப்பது நேர்காணல் அறைக்குள் போக உதவலாம். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் உள்ளே போனபின் அவரை நிறுத்தி வைப்பது அது அல்ல.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். தொழிலின் ஆழத்திலேயே மாணவரை முக்கி எடுத்தால், அந்தத் தொழில் மாறும்போது அவர் என்ன செய்வார்? பொருளியலாளர் எரிக் ஹனுஷெக்கும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் இதையே 11 நாடுகளின் தரவோடு கேட்டார்கள். தொழிற்கல்வி பெற்றவர்களுக்கு இளமையில் வேலை எளிதில் கிடைக்கிறது. வயது ஏற ஏற அந்த முன்னிலை கரைந்து, பொதுக்கல்வி பெற்றவர்கள் முந்துகிறார்கள். அப்ரண்டிஸ் முறை வேரூன்றிய நாடுகளில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நம் துறையில் இந்த ஆய்வு போதுமான அளவு பேசப்படவில்லை என்பது வருத்தம். இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இது தண்டிப்பது எதை என்று பார்க்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தின் ஒரு குறிப்பிட்ட வரிசைமுறையைக் கற்பித்துவிட்டு, ஏன் என்பதை விட்டுவிடும் பயிற்சியைத்தான் காலம் செல்லாக் காசாக்குகிறது. எஃகு சூட்டில் எவ்வளவு விரிகிறது, வெட்டுவிசை எந்தத் திசையில் தள்ளுகிறது, அளக்கும் கருவி எப்போது பொய் சொல்லும் என்பவை கண்ட்ரோலர் மாறினாலும் மாறாதவை. ஜெர்மனி 1987-இல் தன் உலோகத் தொழில் பயிற்சிகளைச் சீர்திருத்தியபோது, சிதறிக் கிடந்த பல குறுகிய தொழில்களை ஆறு பரந்த தொழில்களாகத் தொகுத்தது. வேலையைத் தானே திட்டமிட்டு, தானே செய்து, தானே சரிபார்க்கும் திறனைப் பயிற்சியின் இலக்காக வைத்தது. திட்டமிடுவதற்கென்று அங்கே தனிப் பாடம் சேர்க்கவில்லை. தொழிலை அகலப்படுத்தி, திட்டமிடுதலை அதற்குள்ளேயே வைத்தார்கள். ஆகவே ஹனுஷெக்கின் எச்சரிக்கைக்கு விடை தொழிலைக் குறைப்பது அல்ல. தொழிலுக்குள் கோட்பாட்டைக் கூட்டுவது. கோட்பாட்டு ஆசிரியர் ஒருவர், செய்முறைக்கு வேறொருவர், இருவரும் ஒரே வாரத்தில் வெவ்வேறு அத்தியாயத்தில் நிற்பது என்ற நிலை தொடரும்வரை அது நடக்காது.

இன்னொரு மறுப்பு இப்போது நாகரிகமாகியிருக்கிறது: சென்சாரும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டன, தேய்மானத்தை இயந்திரமே கண்டு திருத்திக்கொள்ளும், பழுது பார்க்கும் அறிவு எதற்கு? உளவியலாளர் லிசான் பெய்ன்பிரிட்ஜ் 1983-இல் எழுதிய சிறு கட்டுரை இதற்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டது. தானியக்கம் எளிய வேலைகளை எடுத்துக்கொண்டு, வடிவமைத்தவரால் முன்னறிய முடியாத கடினமான தருணங்களை மனிதரிடம் விட்டுவைக்கிறது. ஆனால் அந்தத் தருணத்துக்குத் தேவையான பழக்கத்தை அன்றாடம் பெறும் வாய்ப்பையும் அதுவே பறித்துவிடுகிறது. தொழிற்சாலை பறித்த அந்தப் பழக்கத்தைத் தர இனி பயிற்சி நிலையத்தை விட்டால் வேறு இடம் இல்லை. எனவே தானியக்கம் கூடக் கூட, கையால் அளந்து காரணம் தேடும் மணி நேரங்களை நாம் கூட்ட வேண்டியிருக்கும். புதிய இயந்திரங்கள் வந்திறங்கிய பல பட்டறைகளில் இதற்கு நேர் எதிராக, சாதாரண லேத்துகள் மூலையில் ஒதுக்கப்படுகின்றன.

நடைமுறைச் சிக்கல்களைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. ஒரு பயிற்சி அலுவலருக்கு முழு பேட்ச், அரைகுறையாக ஓடும் இயந்திரங்கள், அளந்து தரப்படும் மூலப்பொருள். தேர்வின் கோட்பாட்டுத் தாள் கணினியில் கொள்குறி வினாக்களாக நடக்கிறது. செய்முறைத் தேர்வோ முடிந்த பாகத்தின் அளவுக்கு மதிப்பெண் போடுகிறது. காரணம் தேடியவருக்கு அங்கே மதிப்பெண் இல்லை. இருந்தும் செலவில்லாமல் தொடங்கக்கூடிய ஒன்று உண்டு. ஒவ்வொரு பட்டறையிலும் தவறிய பாகங்கள் தினமும் பழைய இரும்பு டப்பாவுக்குப் போகின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, நான்கு மாணவர்களிடம் மைக்ரோமீட்டரைக் கொடுத்து, இது ஏன் தவறியது, எதைப் பார்த்தால் உறுதியாகும் என்று அரைப் பக்கம் தமிழில் எழுதச் சொல்லலாம். அளவு, ஊகம், சோதனை, முடிவு என்ற வரிசையில் எழுதினால் அதுவே பகுத்தாய்வு, அதுவே குழுவேலை, அதுவே எழுத்துத் தொடர்பு. அந்தத் தாளை வேலைவாய்ப்புத் திறன் ஆசிரியரும் பட்டறை அலுவலரும் சேர்ந்து திருத்தினால் இரண்டு பாடங்களுக்குமான உள்மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். தவறிய பாகம் ஆய்வில் கண்ணில் பட்டால் விளக்கம் கேட்பார்களோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. அந்த அச்சத்தைப் போக்கும் பொறுப்பு முதல்வர்களுடையது. டப்பாவில் ஒளிந்திருக்கும் பாகத்தை விட, காரணம் எழுதி ஒட்டி அலமாரியில் வைக்கப்பட்ட பாகத்தை ஆய்வு அலுவலர்கள் பயிற்சியின் சான்றாக ஏற்க வேண்டும். செய்முறைத் தேர்வில் பத்து மதிப்பெண்ணாவது பழுதறிதலுக்கு ஒதுக்கக் கோரி மாநில இயக்குநரகம் வழியாகப் பயிற்சித் தலைமை இயக்குநரகத்துக்கு எழுதலாம் என்பது இவ்விதழின் யோசனை. எந்த டிரேடில் எந்தப் பழுதுகளை வினாவாக்கலாம் என்று வாசகர்கள் எழுதி அனுப்பினால், தொகுத்து அடுத்த இதழில் வெளியிடுவோம்.