பழைய வீட்டை வாடகைக்கு விடும் முன்… பெயின்ட்டுக்கு முன்னால் பைப்!

கேள்வி: ‘‘எறையூரில் 1980-களில் கட்டிய மெத்தை வீடு ஒன்றை, மக்காச்சோளம் விற்ற பணத்தில் வாங்கியிருக்கிறோம். சிப்காட் காலணி ஆலைக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட எண்ணம். டேங்க் நிறைய இருந்தாலும் தண்ணீர் நூல் மாதிரிதான் வருகிறது. டேப்பை மாற்றி, பெயின்ட் அடித்தால் போதும் என்கிறார் மேஸ்திரி. சரிதானா?’’

- வாசகர் ஒருவர், எறையூர்.

பதில்: போதாது. அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் ஜி.ஐ. இரும்பு பைப்பைச் சுவருக்குள் புதைத்திருப்பார்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும், உள்ளே துருவும் போர் தண்ணீரின் உப்பும் படிந்து துவாரம் சுருங்கிவிடும். காலையில் முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்து, பிறகு தெளிந்தால் துரு என்று புரிந்துகொள்ளலாம். அந்த பைப்பில் புது டேப்பை முறுக்கும்போது, உளுத்த மரை சுவருக்குள்ளேயே உடைவதும் உண்டு.

முதலில் கசிவைச் சோதியுங்கள். இரவு டேங்கை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, எல்லா டேப்புகளையும் மூடுங்கள். ஃப்ளஷ் டேங்க் இருந்தால் அதன் வால்வையும் மூடுங்கள். டேங்கில் நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால், மறுநாள் இரவு டேங்கிலிருந்து இறங்கும் பைப்பின் கேட் வால்வையும் மூடிவிட்டுப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் டேங்கிலோ, வால்விலோ கசிவு. இறங்காவிட்டால் வீட்டு பைப்பில் கசிவு.

துருப்பிடித்த பைப்பை எடுக்கச் சுவரை உடைக்க வேண்டாம். இரு முனையையும் அடைத்து அப்படியே விட்டுவிட்டு, வெளிச்சுவர் ஓரமாகப் புது பைப் ஓட்டுங்கள். பின்னாளில் பழுது பார்ப்பதும் சுலபம். குளிர்ந்த நீருக்கு யு.பி.வி.சி. போதும், ஹீட்டர் வைக்கும் இடத்துக்கு சி.பி.வி.சி. வேண்டும். இரண்டுக்கும் ஒட்டும் பசை வேறு வேறு. வெயில் படும் இடத்தில் பைப்புக்கு பெயின்ட் அடியுங்கள். பூசுவதற்கு முன் புது லைனில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரை நிறுத்தி, ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பாருங்கள்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. பழைய வீடுகள் சிலவற்றில் எர்த் ஒயரைத் தண்ணீர் பைப்பில் கட்டியிருப்பார்கள். இரும்பை எடுத்து பிளாஸ்டிக் போட்டால், அந்த எர்த் அறுந்துபோகும். மோட்டாரிலோ, ஹீட்டரிலோ கசியும் மின்சாரம் போக வழியிருக்காது. தொடுகிறவர் மேல்தான் பாயும். ஆகவே, பைப் வேலை தொடங்கும் முன்பே எலெக்ட்ரீஷியனை அழைத்து, தனியாக எர்த் குழி போட்டு, உயிர் காக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கழிவுநீர். ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய செப்டிக் டேங்க், ஏழெட்டுப் பேர் தங்கினால் சீக்கிரம் நிரம்பும். குடிவைக்கும் முன்பே லாரி வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு நொடியில் ஆளைச் சாய்த்துவிடும். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும்கூட. குளியல், பாத்திரம் கழுவும் தண்ணீரைத் தனி பைப்பில் வாழைக்கோ, தென்னைக்கோ திருப்பிவிட்டால் டேங்குக்குப் பாரம் குறையும்.

வாடகை ஒப்பந்தத்தில், எந்தப் பழுதுக்கு யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள். தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையில், பைப் மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. டேப், வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது குடியிருப்பவர் பொறுப்பு. அதையே மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

கையில் இருக்கும் பணத்தை எர்த், கழிவுநீர், பைப் என்ற வரிசையில் செலவழியுங்கள். டைல்ஸும் பெயின்ட்டும் முதல் சில மாத வாடகை வந்த பிறகு செய்துகொள்ளலாம்.