25 ஆண்டு, 30 நாடுகள், 100% தேர்ச்சி: இன்டர்நேஷனல் பள்ளிகளின் விழா எண்களை எப்படிப் படிப்பது?

உங்கள் குழந்தைக்குப் பள்ளி தேடிக்கொண்டிருந்தால், இப்படி ஒரு வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கும். இன்டர்நேஷனல் பள்ளி ஒன்றின் வெள்ளிவிழா. டிரோன் காட்சியில் பச்சைப் புல்வெளி, மேடையில் பல நாட்டுக் கொடிகள், வெளிநாட்டிலிருந்து பேசும் முன்னாள் மாணவர்கள். கடைசியில் திரை முழுக்க எண்கள்: 25 ஆண்டுகள், 30 நாடுகளின் மாணவர்கள், 100% தேர்ச்சி, பல கோடி ரூபாய் ஸ்காலர்ஷிப்.

இந்த எண்கள் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனால் எதை எண்ணுவது, எதை விட்டுவிடுவது என்பதைப் பள்ளிதான் முடிவு செய்கிறது. டேட்டா ஜர்னலிசத்தில் ஒரு எண்ணைப் பார்த்ததும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பேரில் இத்தனை?" பள்ளி விஷயத்திலும் அதையே கேட்டுப் பார்க்கலாம்.

'இன்டர்நேஷனல்' என்றால் என்ன?

இந்தச் சொல்லின் பொருள் காலப்போக்கில் மாறிவிட்டது. 1924-ல் ஜெனீவாவில் தொடங்கிய இன்டர்நேஷனல் பள்ளியில் படித்தவர்கள், அங்கிருந்த உலக நாடுகள் சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள். அப்பா, அம்மாவின் வேலை எந்த நாட்டுக்கு மாறினாலும் படிப்பு அறுந்துபோகக் கூடாது என்பதுதான் நோக்கம். அந்தத் தேவையிலிருந்துதான் 1968-ல் இன்டர்நேஷனல் பாக்கலரியேட், சுருக்கமாக ஐ.பி., பிறந்தது.

இந்தியாவில் இந்த மாற்றத்தைப் பார்க்க கொடைக்கானலுக்குப் போகலாம். அங்குள்ள இன்டர்நேஷனல் பள்ளி 1901-ல் 'ஹைகிளர்க்' என்ற பெயரில் தொடங்கியது. அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக நடத்திய பள்ளி அது. 1970-களில்தான் பெயரில் 'இன்டர்நேஷனல்' சேர்ந்தது. 1976-ல் இந்தியாவிலேயே முதல் பள்ளியாக ஐ.பி. டிப்ளமோவைக் கொண்டுவந்தது. 2026-ல் அதற்கு 125 ஆண்டுகள் நிறைகின்றன. மிஷனரி பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இடத்தில் பிறகு இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளும் படிக்க வந்தார்கள். ஒரே வளாகம்தான், ஆனால் சமூகம் வேறு.

இன்று இந்தப் பெயரில் மூன்று வகைப் பள்ளிகள் இருக்கின்றன.

முதல் வகையில் பிள்ளைகளே பல நாட்டவர்கள். 1952-ல் தொடங்கிய டெல்லி அமெரிக்கன் எம்பசி பள்ளி, 1995-ல் வந்த சென்னை அமெரிக்கன் இன்டர்நேஷனல் பள்ளி போன்றவை இதில் சேரும்.

இரண்டாவது வகையில் பாடத்திட்டம் சர்வதேசம், பிள்ளைகள் பெரும்பாலும் நம்மவர்கள். இந்தியாவில் ஐ.பி. பள்ளிகளே இப்போது 200-க்கும் மேல் இருக்கின்றன. கேம்பிரிட்ஜ் பள்ளிகள் தனி.

மூன்றாவது வகையில் பெயர் மட்டும்தான் இன்டர்நேஷனல். உள்ளே நடப்பது சிபிஎஸ்இ அல்லது மாநிலப் பாடத்திட்டம். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அதை இரண்டாவது வகை என்று நினைத்துக்கொண்டு நீங்கள் ஃபீஸ் கட்டிவிடக் கூடாது.

'30 நாடுகள்' என்றால்?

ஒரு கற்பனைக் கணக்கு. 500 மாணவர்கள் படிக்கும் பள்ளி. 460 பேர் இந்தியர்கள். மீதி 40 பேர் 29 நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்கள். மொத்தம் 30 நாடுகள் என்பது சரிதான். ஆனால் உங்கள் மகள் உட்காரும் 25 பேர் வகுப்பில் சராசரியாக இரண்டு பேர்தான் வேறு நாட்டவர்.

அந்த 40 பேரிலும் பெற்றோர் அமெரிக்காவில் வேலை பார்த்தபோது அங்கே பிறந்த, வீட்டில் தமிழோ தெலுங்கோ பேசும் பிள்ளைகள் இருக்கலாம். கொடி எண்ணிக்கையை விட விகிதம் அதிகம் சொல்லும்.

'100% தேர்ச்சி', 'சராசரி 35' என்றால்?

ஐ.பி. டிப்ளமோவுக்கு அதிகபட்சம் 45 புள்ளிகள். ஆறு பாடங்களுக்கு தலா 7, மற்ற பகுதிகளுக்கு 3. டிப்ளமோ பெறக் குறைந்தது 24 தேவை. உலக சராசரி பொதுவாக 30-ஐ ஒட்டி இருக்கும்.

ஒரு பள்ளியில் 12 பேர் தேர்வு எழுதுகிறார்கள் என்று வையுங்கள். 11 பேர் தலா 35, ஒருவர் 23. சராசரி 34, தேர்ச்சி 92%. அந்த ஒருவரை மட்டும் "உனக்கு முழு டிப்ளமோ வேண்டாம், தனித்தனிப் பாடங்களாக எழுது" என்று முன்பே மாற்றிவிட்டால்? சராசரி 35, தேர்ச்சி 100%. பாடம் நடத்திய விதத்தில் எந்த மாற்றமும் இல்லை. அந்த மாணவருக்கு அது நல்ல முடிவாகக்கூட இருக்கலாம். ஆனால் போஸ்டரில் அவர் காணாமல் போகிறார்.

அதனால் சராசரியோடு சேர்த்து இரண்டு எண்களைக் கேளுங்கள்: பன்னிரண்டாம் வகுப்பில் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் முழு டிப்ளமோ எழுதியவர்கள் எத்தனை பேர்? ஒரு வருடத்துக்குப் போதாது, மூன்று வருடத்துக்குக் கேளுங்கள். சின்ன பேட்ச் என்றால் ஒரு வருட சராசரி ஏறுவதும் இறங்குவதும் சகஜம்.

'200 அட்மிஷன், பல கோடி ஸ்காலர்ஷிப்' என்றால்?

40 பேர் ஆளுக்கு எட்டு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்து, ஆளுக்கு ஐந்தில் இடம் கிடைத்தால் 200 அட்மிஷன் ஆஃபர்கள். ஆனால் சேரப்போவது 40 இடங்களில்தான்.

ஸ்காலர்ஷிப்பும் இப்படித்தான். ஒரே மாணவிக்கு மூன்று கல்லூரிகள் தலா 40 லட்சம் தருவதாகச் சொன்னால், விழா மேடையில் அது 1.2 கோடி. அவர் சேர்வது ஒரு கல்லூரியில். மற்ற 80 லட்சம் யார் கைக்கும் வராத பணம். "எங்கே இடம் கிடைத்தது" என்று கேட்காமல், "எங்கே சேர்ந்தார்கள்" என்று கேளுங்கள். இந்தியாவிலேயே படிப்பைத் தொடர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் கேளுங்கள்.

இந்தியாவிலேயே மேற்படிப்பு என்றால் சிக்கலா?

சிக்கல் இல்லை, ஆனால் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு, ஐ.பி. டிப்ளமோவை பிளஸ் டூவுக்கு இணையாக ஏற்கிறது. பிரச்சினை நுணுக்கங்களில் வருகிறது.

மருத்துவம் படிக்க இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். ஐ.பி. டிப்ளமோவின் வழக்கமான அமைப்பில் இரண்டு அறிவியல் பாடங்களைத்தான் எடுக்க முடியும். மூன்றும் வேண்டுமென்றால் பள்ளி முன்பே ஐ.பி.யிடம் விசேஷ அனுமதி வாங்க வேண்டும். இதைப் பன்னிரண்டாம் வகுப்பில் போய்த் தெரிந்துகொண்டால் லேட்.

அடுத்தது நேரம். மே மாதம் எழுதும் ஐ.பி. தேர்வின் முடிவு ஜூலை முதல் வாரத்தில் வரும். உள்ளூர்க் கல்லூரிகள் சில அதற்குள் சேர்க்கையில் பாதி தூரம் போயிருக்கும். இந்த இழுபறியைப் பள்ளி எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்டால், அனுபவம் உள்ள பள்ளி உடனே பதில் சொல்லும்.

மேடையில் இல்லாதவர்கள் யார்?

முன்னாள் மாணவர் வீடியோவில் நமக்குத் தெரிவது கடைசிவரை படித்து, நல்ல நிலைக்கு வந்து, பள்ளியோடு தொடர்பிலும் இருப்பவர்கள். ஆறாம் வகுப்பில் 60 பேர் சேர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பை 24 பேர் முடித்தால், மீதி 36 பேர் எங்கே? பத்தாம் வகுப்போடு ஜேஇஇ, நீட் கோச்சிங்குக்காக சிபிஎஸ்இ-க்கு மாறியிருக்கலாம். அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர் வந்திருக்கலாம். ஃபீஸ் கட்ட முடியாமல் போயிருக்கலாம். காரணம் எதுவானாலும் அந்தக் குடும்பங்கள் விழாவில் பேசப்போவதில்லை.

ஃபீஸ் விஷயத்தை நீங்களே கணக்குப் போடலாம். எல்.கே.ஜி.யில் ஆண்டுக்கு 5 லட்சம், ஆண்டுதோறும் 10% உயர்வு என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பில் அந்த ஒரு ஆண்டின் கட்டணம் 17 லட்சத்தைத் தாண்டும். 14 ஆண்டுகளில் மொத்தம் சுமார் 1.4 கோடி. பஸ், சாப்பாடு, தேர்வுக் கட்டணம், டூர் எல்லாம் இதற்கு மேல். முதல் வருட ஃபீஸ் உங்கள் சம்பளத்துக்குத் தாங்குமா என்பதோடு நிறுத்தாமல், பதினான்காம் வருட ஃபீஸ் தாங்குமா என்றும் பாருங்கள். பாதியில் மாறினால் அதன் சுமை பணத்தோடு நிற்காது. புதிய பாடத்திட்டம், புதிய நண்பர்கள் என்று குழந்தையும் அதைச் சுமக்கும்.

இந்தத் தகவல் எல்லாம் பொதுவில் கிடைக்குமா?

கொஞ்சம் கிடைக்கும். சிபிஎஸ்இ, தன் பள்ளிகள் கட்டண விவரம், ஆசிரியர் எண்ணிக்கை, மூன்று ஆண்டு தேர்வு முடிவுகள், தீயணைப்புச் சான்று போன்றவற்றை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்கிறது. 'மேண்டேட்டரி பப்ளிக் டிஸ்க்ளோஷர்' என்ற பக்கத்தைத் தேடுங்கள். ஐ.பி. அமைப்போ பள்ளிவாரியான மதிப்பெண்களைத் தானாக வெளியிடுவதில்லை. சொல்வதும் சொல்லாததும் பள்ளியின் விருப்பம்.

மத்திய அரசின் யூடைஸ் தளத்தில் பள்ளிகளுக்கு 11 இலக்க எண் ஒன்று உண்டு. அதை வைத்து மாணவர், ஆசிரியர் எண்ணிக்கையையும் அடிப்படை வசதிகளையும் பார்க்கலாம்.

ஒப்பிட துபாயைப் பாருங்கள். அங்கே கேஹெச்டிஏ என்ற அரசு ஆணையம் தனியார் பள்ளிகளைப் பல ஆண்டுகள் நேரில் ஆய்வு செய்து, தர மதிப்பீட்டோடு அறிக்கையைப் பொதுவில் வைத்தது. அங்கே வேலை பார்க்கும் உங்கள் நண்பர் பள்ளி தேடும்போது, பள்ளி தன்னைப் பற்றிச் சொல்வதையும் மற்றவர் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையும் மாநிலந்தோறும் ஒரு சுயேச்சையான பள்ளித் தர ஆணையம் வேண்டும், பள்ளிகளின் அடிப்படைத் தகவல்கள் பொதுவில் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அது முழுமையாக நடக்கும்வரை அந்த வேலை பெற்றோர் தலையில்தான்.

பள்ளிக்குப் போகும்போது கேட்க வேண்டியவை

1. உள்ளே நடப்பது எந்தப் பாடத்திட்டம்? எந்த வகுப்பு வரை அங்கீகாரம் வாங்கியிருக்கிறீர்கள்?
2. கடந்த மூன்று ஆண்டுகளில் பன்னிரண்டாம் வகுப்பில் எத்தனை பேர், முழுத் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்?
3. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் கடைசிவரை படித்தவர்கள் எத்தனை பேர்?
4. முடித்தவர்கள் எங்கே சேர்ந்தார்கள்? இந்தியாவில் எத்தனை பேர்?
5. கடந்த ஐந்து ஆண்டுகளில் ஃபீஸ் எவ்வளவு உயர்ந்தது?
6. ஐந்து ஆண்டுக்கு மேல் இங்கேயே இருக்கும் ஆசிரியர்கள் எத்தனை சதவீதம்?

ஆறாவது கேள்விக்கு மட்டும் ஒரு குறிப்பு. வெள்ளிவிழாவில் 20 வருடம் பணியாற்றிய ஓர் ஆசிரியைக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். முன்னாள் மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். அந்த நிமிடம் நிஜமானது. பள்ளியின் 'சமூகம்' என்று நாம் சொல்வது, பெரும்பாலும் அப்படிப்பட்ட நான்கைந்து பேர் போகாமல் இருந்ததால் உருவானதுதான். அவரைப் போல இன்னும் எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள், உங்கள் குழந்தை ஆறாம் வகுப்புக்கு வரும்போதும் இருப்பார்களா என்று விசாரியுங்கள். வாய்ப்பு கிடைத்தால் விழா முடிந்ததும் அந்த ஆசிரியையிடமே கேட்டுப் பாருங்கள்.