ஏரிகளை எண்ணி ஊரைத் தேர்வதா?

முனைவர் பட்ட அனுமதிக் கடிதங்கள் வரும் பருவத்தில் இந்திய மாணவர் வட்டங்களில் தவறாமல் எழும் விவாதங்களுள் ஒன்று: மினசோட்டாவா, விஸ்கான்சினா? இரண்டும் அண்டை மாநிலங்கள். இரண்டிலும் உறைபனிக் குளிர். இரண்டிலும் பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள். ஆகவே வாடகை, வெப்பநிலை, தரவரிசை ஆகியவற்றை அலசிய பின், எந்த மாநிலத்தில் ஏரிகள் அதிகம் என்பதில் பேச்சு வந்து நிற்கிறது. வாழ்வின் ஐந்தாறு ஆண்டுகளை ஒப்படைக்கும் முடிவை இவ்வளவு எளிதாக எடுப்பது ஆராய்ச்சியாளருக்கு அழகன்று.

முதலில் அந்த எண்ணிக்கையையே பார்ப்போம். மினசோட்டா தன்னைப் பத்தாயிரம் ஏரிகளின் நிலம் என்கிறது. பத்து ஏக்கருக்குக் குறையாதவற்றை மட்டும் எண்ணினால் அதன் கணக்கு 11,842. விஸ்கான்சினோ 15,000க்கும் மேல் என்கிறது. ஆனால் மிகச் சிறிய நீர்நிலைகளையும் சேர்த்தே அந்தத் தொகை வருகிறது. அவற்றுள் பெயர் பெற்றவை ஏறத்தாழ 6,000 மட்டுமே. ஏரி, குளம், குட்டை, கண்மாய், ஊருணி என நீர்நிலைக்கெல்லாம் தனிப்பெயர் வழங்கும் மொழியினர்க்கு இதில் வியப்பில்லை. இங்கே ஒப்பிடப்படுவது நீர் அன்று. ‘ஏரி’ என்ற சொல்லுக்கு இரு நிர்வாகங்கள் தந்த வரையறை.

அந்த ஏரிகளின் பெயர்களும் ஒரு வரலாற்றைச் சொல்கின்றன. மினசோட்டா என்பது டகோட்டா மொழிச் சொல். வானின் சாயல் படிந்த நீரைக் குறிப்பது. அம்மொழி பேசியோரில் 38 பேர் 1862 டிசம்பர் 26 அன்று மான்கேட்டோவில் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டனர். மறு ஆண்டே டகோட்டா மக்களை மாநிலத்திலிருந்து வெளியேற்றச் சட்டம் வந்தது. பெயரை வைத்துக்கொண்டு பேசியவர்களை விரட்டிய நிலம் அது. மினியாபொலிஸ் நகரின் ஏரி ஒன்று ‘பிடே மக்கா ஸ்கா’ என்ற தன் டகோட்டாப் பெயரைத் திரும்பப் பெறுவதற்கு 2020இல் மாநில உச்ச நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. அதே ஆண்டில் அதே நகரில்தான் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்டார். மினசோட்டாவைச் சொர்க்கமாகச் சித்திரிப்போர் இவற்றை மறக்கலாகாது.

அப்படியாயின் எதைக் கொண்டு தேர்வது? ஆய்வு மாணவர் அங்கே சுற்றுலாப் பயணியாகச் செல்வதில்லை. வகுப்பெடுத்தும் விடைத்தாள் திருத்தியும் ஊதியம் பெறும் தொழிலாளியாகச் செல்கிறார். விசாவோ அவரைப் பல்கலைக்கழகத்துடன் பிணைத்துவிடுகிறது. அநீதி நேர்ந்தால் வேறு வேலை தேடிச் செல்லும் வழி அவருக்கு எளிதில் இல்லை. எனவே கேட்க வேண்டிய முதற்கேள்வி, கூட்டாகப் பேரம் பேசும் உரிமை அங்கே உண்டா என்பதே.

இங்கே விஸ்கான்சினின் கதை துயரமானது. வேலைநிறுத்தங்களை ஆதரித்தார் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட பொருளியல் பேராசிரியர் ரிச்சர்ட் ஈலியை 1894இல் விடுவித்து, கருத்துரிமைக்குப் புகழ்பெற்ற பிரகடனம் தந்தது மேடிசன் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு. 1966இல் பயிற்றுநர் மாணவர்களின் சங்கம் தோன்றியதும் அங்கேதான். 1970இல் வேலைநிறுத்தம் செய்து ஒப்பந்தமும் பெற்றது. அந்த மரபையே 2011இன் பத்தாம் சட்டம் முறித்தது. காவலரும் தீயணைப்போரும் நீங்கலாகப் பெரும்பாலான அரசு ஊழியரின் பேர உரிமை அநேகமாகப் பறிபோனது. 2015இல் பேராசிரியர்களின் நிரந்தரப் பணிப் பாதுகாப்பும் மாநிலச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டு, ஆட்சிக்குழுவின் விதிகளுக்குள் ஒடுங்கியது. 2024 டிசம்பரில் ஒரு நீதிமன்றம் பத்தாம் சட்டத்தின் பெரும்பகுதி செல்லாது என்றது. வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. மினசோட்டாவிலோ 2023 ஏப்ரலில் பட்டமேற்படிப்பு ஊழியர்கள் பெருவாரியான வாக்குகளால் தம் சங்கத்தை நிறுவினர்.

மேடிசனில் துறை சிறந்தது, வரி குறைவு என்ற மறுப்பு எழும். இரண்டும் பொய்யல்ல. உயர் வருமானத்துக்கான மினசோட்டாவின் வரி 9.85 விழுக்காடு, விஸ்கான்சினில் 7.65. ஆனால் அந்த உச்ச விகிதம் உதவித்தொகையில் வாழும் மாணவரைத் தீண்டுவதே இல்லை. துறையின் பெருமையும் நெறியாளர் ஒருவர் விலகிய மறுநாள் துணைக்கு வராது. எழுத்தில் உள்ள ஒப்பந்தம் வரும்.

இரு கடிதங்களும் சமமாக இருக்குமாயின், இன்றைய நிலையில் மினசோட்டாவைத் தேர்வதே அறிவுடைமை. அதற்கும் முன், இரு வளாகங்களிலும் உள்ள மூத்த மாணவர்களிடம் ஊதியம், மருத்துவக் காப்பீடு, முறையீட்டு வழி ஆகியவற்றைக் கேட்டறிய வேண்டும். ஏரிகளைப் பின்னர் எண்ணிக்கொள்ளலாம்.