முளையில் தெரிவது விளைச்சல் அல்ல

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை ஆடுவதைப் பார்த்தே அவன் தேறுவானா மாட்டானா என்று சொல்லிவிடலாம் என்பது நம் மைதானங்களில் வேதவாக்கு. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று பழமொழியையும் துணைக்கு அழைப்பார்கள். கரிசல்காட்டுச் சம்சாரி இதை ஒப்புக்கொள்ள மாட்டார். புரட்டாசி ஈரத்துக்கு முந்தி முளைத்தது, அடுத்த மழை தவறினால் கருகிப்போவதை அவர் கண்ணால் கண்டவர். முளையை வைத்து அவர் மகசூலைக் கணக்கிடுவதில்லை. பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நாம் ஏன் கணக்கிடுகிறோம்?

கரிசல்காட்டு ஊரான கோவில்பட்டியில் இது சின்ன விஷயமல்ல. 2022இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஹாக்கியில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இருந்த மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் இந்த ஊர் விளையாட்டு விடுதியில் பயிற்சி பெற்றவர்கள். அரியலூர்க்காரரான கார்த்தி, பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார். தீப்பெட்டி வேலையையும் வானம் பார்த்த பூமியையும் நம்பிய வீடுகளுக்கு விளையாட்டு விடுதியில் ஓர் இடம் என்றால் சாப்பாடு, படிப்பு, பின்னாளில் ஒரு வேலைக்கான வழி. அந்த இடத்தை எதைப் பார்த்துக் கொடுக்கிறோம்?

பெரும்பாலும் உடம்பைப் பார்த்து. பெண் பிள்ளைகளுக்குச் சராசரியாக 12 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதிலும் வளர்ச்சி வேகம் உச்சத்தைத் தொடும். சிலருக்கு இரண்டு ஆண்டு முந்தும், சிலருக்குப் பிந்தும். ஆக, 14 வயதுக்குட்பட்டோர் அணித் தேர்வில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பையன்களில் ஒருவன் உடலளவில் ஏறக்குறைய ஆம்பளை, இன்னொருவன் குழந்தை. வாட்டசாட்டமானவன் பந்தை ஓங்கி அடிக்கிறான். அதைத் திறமை என்று எழுதிக்கொள்கிறோம். கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களை 1980களில் ஆராய்ந்த உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி, மேல்மட்ட அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே குவிந்திருப்பதைக் காட்டினார். வயது வரம்பு அங்கே ஜனவரி 1இல் தொடங்கியது. சில மாத மூப்புதான் அங்கே திறமையாகத் தெரிந்தது.

முளையிலேயே தெரியும் என்ற இந்த நம்பிக்கை தேர்வானவனையும் விடுவதில்லை. ஜெயிக்க வேண்டுமென்று அவனை 14 வயதுக்குட்பட்டோர் அணியிலும் 17 வயதுக்குட்பட்டோர் அணியிலும் ஆட விடுகிறார்கள். வேகமாக வளரும் பருவத்தில், தசைநார் எலும்போடு சேருமிடம் இன்னும் இளசு. குதிப்பும் ஓட்டமும் மிஞ்சினால் முழங்காலுக்குக் கீழே வீங்கி வலிக்கும்; குதிகால் வலிக்கும். கைகால் திடீரென நீள்வதால் நேற்று வரை வந்த டிரிப்ளிங் இன்று தடுமாறும். உடனே, “சோம்பேறி, கவனம் சிதறிப்போச்சு” என்று வசவு. மற்றவர்கள் 17 வயதில் வளர்ந்து எட்டிப் பிடிக்கும்போது, பலத்தையே நம்பி ஆடியவன் கையில் வித்தை இருக்காது.

“இடமோ கொஞ்சம், பிள்ளைகளோ ஏராளம், எப்படியும் பொறுக்கித்தானே ஆகவேண்டும்?” என்று கேட்கிறார்கள். பொறுக்கலாம், மற்றவர்களுக்குக் கதவைச் சாத்தக்கூடாது. பதினோராம் வகுப்பிலும் விடுதிச் சேர்க்கை உண்டுதான். ஆனால் ஏழாம் வகுப்பில் “நீ தேறமாட்டே” என்று கேட்டு ஸ்டிக்கைக் கீழே வைத்தவன் அதற்கு எப்படி வருவான்? குள்ளம் என்று பிரான்ஸின் கால்பந்து கிளப்புகள் பல தள்ளிவிட்ட அந்துவான் கிரீஸ்மனை ஸ்பெயினின் ரியல் சோசியதாத் கிளப் சேர்த்துக்கொண்டது. 2018இல் அவர் அதே பிரான்ஸுக்கு உலகக் கோப்பை வென்று கொடுத்தார். கரிசல் கிராமத்துப் பொடியனுக்கு ஸ்பெயின் போக வழியில்லை. அவனுக்கு உள்ளூர் மைதானம்தான் எல்லாம்.

செய்ய வேண்டியவை செலவில்லாதவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரோரம் நிறுத்தி உயரம் குறியுங்கள். கிடுகிடுவென வளர்கிறவனுக்கு ஓட்டத்தையும் குதிப்பையும் குறைத்து, பந்துக் கட்டுப்பாட்டைக் கூட்டுங்கள். சில ஆட்டங்களுக்காவது வயதை விட்டு வளர்ச்சியை வைத்து அணி பிரியுங்கள். தேர்வாகாத பையனையும் மாலைப் பயிற்சிக்கு வரச் சொல்லுங்கள். பதினாறு வயது வரை எந்தப் பிள்ளையிடமும் “நீ தேறமாட்டே” என்று சொல்லும் உரிமை எந்தப் பயிற்சியாளருக்கும் கிடையாது.