பார்க்குக்கு வரும் நாய்: கயிறு யார் கையில்?

கும்மிடிப்பூண்டி:—

"நாயைப் பிடிங்க சார்!" என்று ஒருவர் அலறுகிறார்.

"அது ஒண்ணும் செய்யாது சார், பழகின நாய்" என்கிறார் நாய்க்குச் சொந்தக்காரர்.

திருவள்ளூரிலும், கும்மிடிப்பூண்டி 'சிப்காட்' வட்டாரத்திலும் காலை, மாலை வாக்கிங் போகிறவர்களுக்கு இது பழகிப்போன தகராறு.

பழகின நாய்தான். ஆனால் யாரிடம் பழகினது? வீட்டுக்காரரிடம். எதிரே ஓடி வரும் குழந்தையிடம் அல்ல!

தகராறு வாய்ச்சண்டையோடு முடிந்தால் சரி. முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதைச் சென்னை நகரம் கண்ணால் பார்த்துவிட்டது.

காவலாளியின் மகள்

2024-ம் ஆண்டு மே மாதம் 5-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சென்னை ஆயிரம் விளக்கு பகுதியில் உள்ள கார்ப்பரேஷன் பார்க்.

பார்க்கின் காவலாளி குடும்பத்தோடு அங்கேயே தங்கி வேலை பார்த்து வந்தார். அவருடைய 5 வயது மகள் மீது 2 'ராட்வைலர்' நாய்கள் பாய்ந்தன. சிறுமியின் தலையைக் குதறின. காப்பாற்ற ஓடி வந்த தாயும் கடிபட்டார்.

நாய்கள் தெரு நாய்கள் அல்ல. வீட்டில் வளர்த்தவை. கயிறு இல்லாமல் திரிந்தவை.

சிறுமிக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. நாய்க்குச் சொந்தக்காரரைப் போலீசார் கைது செய்தனர்.

மறு ஆண்டும் ஒரு பயங்கரம். 2025 ஆகஸ்டு மாதம் ஜாபர்கான்பேட்டையில் 'பிட்புல்' நாய் கடித்து ஒருவர் உயிரே போய்விட்டது.

இதற்குப் பிறகுதான் கார்ப்பரேஷன் கெடுபிடியில் இறங்கியது. வளர்ப்பு நாய்க்கு லைசென்ஸ் கட்டாயம், வெறிநாய்க்கடி தடுப்பூசி கட்டாயம், வெளியே கூட்டி வந்தால் கயிறும் வாய்மூடியும் கட்டாயம் என்று சொன்னது. லைசென்ஸ் இல்லாவிட்டால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2025-ல் அறிவித்தது. கடைசி நாள் நெருங்கியபோது நாயைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் கார்ப்பரேஷன் மருத்துவ மையங்களில் கியூவில் நின்றார்கள்.

எண்ணூரைத் தாண்டினால்...?

ஆனால் அந்த லைசென்சும், அந்த அபராதமும் சென்னை எல்லைக்குள்தான் செல்லும்.

கும்மிடிப்பூண்டி லோக்கல் ரெயிலில் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எண்ணூரோடு கார்ப்பரேஷன் எல்லை முடிந்துவிடுகிறது. அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி எல்லாம் வேறு வேறு உள்ளாட்சிகள். மேற்கே போனால் அம்பத்தூரோடு சென்னை முடிந்து, ஆவடி தனி மாநகராட்சி, திருவள்ளூர் தனி நகராட்சி.

சென்னையில் கயிறு கட்டிக் கூட்டிப் போன நாயை, வீடு மாற்றி இங்கே வந்ததும் அவிழ்த்து விடலாமா? நாய்க்கு எல்லைக் கல் தெரியுமா? நாயின் பல் எல்லா ஊரிலும் ஒரே பல்தான்.

உள்ளூர் விதி எப்படி இருந்தாலும் நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் இருக்கிறது. தன் வசம் உள்ள பிராணியால் மற்றவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதுவே 289-வது பிரிவாக இருந்தது.

வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி போடுவதும், கருத்தடை செய்வதும் சொந்தக்காரரின் பொறுப்பு என்று 2023-ம் ஆண்டு வந்த நாய் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும் சொல்கின்றன. கும்மிடிப்பூண்டிக்கும் அதே விதிதான்.

தடை போட்டால் தீருமா?

"பார்க்குக்குள் நாயே வரக்கூடாதுன்னு போர்டு வெச்சிட்டா போச்சு" என்று சொல்கிறவர்கள் உண்டு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் பலன் இல்லை.

நாள் முழுக்க ஒண்டுக் குடித்தன வீட்டிலோ, மொட்டை மாடியிலோ கட்டிப்போட்ட நாய்க்கு வெறுப்பு ஏறும். ஓடியாட வழி இல்லாத நாய்தான் அதிகம் குரைக்கிறது, மேலே பாய்கிறது. நாயை எந்நேரமும் சங்கிலியில் கட்டிப்போடுவது 1960-ம் ஆண்டு பிராணிவதை தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பார்க்கில் வளர்ப்பு நாய்க்கு அடியோடு தடை போடுவது தொலைநோக்கு இல்லாத செயல், யாருக்கும் இடைஞ்சல் இல்லாத நேரத்தைப் பேசி ஒதுக்கிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

பார்க்கில் இடம் இல்லை என்று விரட்டினால் நாயைக் கூட்டிக்கொண்டு எங்கே போவார்கள்? ரோட்டுக்குத்தான். 'சிப்காட்' ரோட்டில் லாரியும் டிரெய்லரும் போகிற போக்கு எல்லோருக்கும் தெரியும். அங்கே நாய்க்கும் ஆபத்து, கயிறு பிடித்தவருக்கும் ஆபத்து.

தெரு நாய் ராஜ்யம்

இந்த வட்டாரத்துக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு.

டீக்கடை, லாரி நிறுத்தும் இடம், கம்பெனி கேட் இங்கெல்லாம் தெரு நாய்க் கூட்டம். மிச்சம் மீதி சாப்பாடு கிடைக்கிற இடத்தை அவை தங்கள் ராஜ்யமாக நினைக்கின்றன. வளர்ப்பு நாய் அந்த வழியே வந்தால் விடாது. இரண்டு நாய்ச் சண்டைக்கு நடுவில் மாட்டுகிறவர், நைட் ஷிப்டு முடிந்து சைக்கிளில் வரும் தொழிலாளி!

தெரு நாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிபிடித்த நாயையும் மூர்க்கமான நாயையும் மட்டும் திரும்ப விடக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2025 ஆகஸ்டு 22-ந் தேதி உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பர் 7-ந் தேதி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம், விளையாட்டு வளாகம் ஆகிய இடங்களில் பிடித்த நாயை மறுபடி அங்கேயே விடக்கூடாது என்றும் கூறியது.

இது எவ்வளவு அவசரம் என்பதற்கு ஒரு கணக்கு போதும். தமிழ்நாட்டில் 2024-ம் ஆண்டில் மட்டும் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம் பேரை நாய் கடித்தது. வெறிநோயால் 43 பேர் இறந்தனர்.

வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. ஆனால் முன்கூட்டியே தடுத்துவிடலாம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் அப்பக் கூடாது. உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி இலவசம். கடித்த அன்று, 3-வது நாள், 7-வது நாள், 28-வது நாள் என்று விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும். "வளர்ப்பு நாய்தானே" என்று அலட்சியம் காட்டினால் உயிருக்கே உலை!

காட்டுப் பக்கம் வேண்டாம்

பார்க்கில் தொல்லை, ரோட்டில் லாரி. ஆகவே சிலர் நாயைக் காட்டுப் பாதைக்கு ஓட்டிப் போகிறார்கள். "அங்கே யாரு இருக்கா? அவுத்து விட்டா ஜாலியா ஓடும்" என்பது அவர்கள் எண்ணம்.

யாரும் இல்லாத இடமா அது? புள்ளிமான் இருக்கிறது. முயல் இருக்கிறது. மயில் தரையில்தான் முட்டை இடுகிறது.

மானை நாய் கடிக்கக்கூட வேண்டாம். துரத்தினாலே போதும். மிரண்டு ஓடி, முள்வேலியில் சிக்கியோ, ரோட்டில் வாகனத்தில் அடிபட்டோ சாகும். சென்னையில் கிண்டிக் காட்டை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் நாய்களால் மான்கள் செத்து, விவகாரம் ஐகோர்ட்டு வரை போனது.

நாய்க்கு வரும் 'டிஸ்டெம்பர்' என்ற நோய்க்கிருமி காட்டு மிருகங்களையும் தாக்கும். 2018-ல் குஜராத் கிர் காட்டில் 23 சிங்கங்கள் அடுத்தடுத்துச் செத்தபோது, அந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. நம் பக்கத்தில் சிங்கம் இல்லை. நரி இருக்கிறது.

ரிசர்வ் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டும் அல்ல. நாயை ஏவித் துரத்துவதும் வேட்டைதான். "முயல் பிடிக்கப் பழக்குறேன்" என்று கன்னி, சிப்பிப்பாறை நாயை அவிழ்த்து விடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

கிழக்கே பழவேற்காடு ஏரியும் பறவைகள் சரணாலயம். பூநாரைக் கூட்டம் மேயும் சேற்றில் நாயை விட்டு வேடிக்கை பார்ப்பதும் தப்பு.

என்ன செய்யலாம்?

பெரிய பட்ஜெட் எதுவும் தேவை இல்லை.

அந்தந்த உள்ளாட்சி, பார்க்கில் அதிகாலையிலும் இரவிலும் ஒரு மணி நேரத்தை நாய்க்கென்று ஒதுக்கலாம். குழந்தைகள் விளையாடும் பக்கம் நாய் வராமல் வேலி போடலாம். தடுப்பூசி அட்டையைக் காட்டினால்தான் உள்ளே அனுமதி என்று வைக்கலாம். 'சிப்காட்' பகுதியில் காலியாகக் கிடக்கும் ஒரு மூலையைக் கம்பி வேலி கட்டி, நாய் ஓடுவதற்கு என்று விடலாம்.

நாய்க்குச் சொந்தக்காரர் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம். கயிறு குட்டையாக இருக்க வேண்டும். பிடித்திருப்பவருக்கு நாயை அடக்கும் பலம் இருக்க வேண்டும். பத்து வயதுப் பையன் கையில் பெரிய நாயைக் கொடுத்து அனுப்புவது கூடாது. நாய் அசிங்கம் செய்தால் அள்ளிப் போட ஒரு பழைய பேப்பர் கையில் வேண்டும்.

எதிரே ஒருவர் பயந்தால், "ஒண்ணும் செய்யாது" என்று உபதேசம் செய்யாமல் கயிற்றை இழுத்துப் பிடித்து ஒதுங்கி நிற்க வேண்டும். பயப்படுகிறவர் மீது தப்பு இல்லை.

ஆயிரம் விளக்கு பார்க்கில் அன்று இல்லாமல் போனது ஒரு கயிறு. அதன் விலை சொற்பம். அதற்காக ஒரு காவலாளியின் குடும்பம் கொடுத்த விலை?

இன்னொரு ஊரில், இன்னொரு காவலாளியின் மகளுக்கு அந்தக் கதி வந்த பிறகுதான் விழிக்க வேண்டுமா? திருவள்ளூர் மாவட்ட அதிகாரிகளும், நாய் வளர்ப்பவர்களும் இப்போதே கவனிப்பார்களா?